கட்டளை ஓடு: லினக்ஸ் கணினியில் அதனை அறிதலும் மாற்றுதலும்

எமது தமிழ்ப் பாடசாலையின் பின்னறையில் ஏழு பழைய மடிக்கணினிகள் இருப்பதனைப் பெற்றோர்கள் அறிவார்கள். 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு முடிவுற்றபோது, புதிய பதிப்பினை ஏற்க இயலாத கணினிகளைப் பலர் கழித்துவிட எண்ணினர். அவற்றுள் ஏழினை எமது பெற்றோர்கள் பாடசாலைக்கு மனமுவந்து வழங்கினர். அவற்றில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினோம். நாம் தெரிந்தது உபுண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த குபுண்டு என்னும் பதிப்பு. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிந்தபின், மேல்வகுப்பு மாணவர்கள் அரை மணி நேரம் அவற்றில் தமிழில் தட்டச்சுப் பழகுகின்றனர்.

அக்கணினிகளில் ஒன்றில் நிகழ்ந்த ஒரு சிறு விபத்தே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. அதனை உரிய இடத்திற் கூறுவோம். முதலில் பொருளை விளக்குதல் வேண்டும்.

ஒரு சொல்லின் இரு பொருள்

ஒரு சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இந்தக் கொம்பியூட்டரிலை ஷெல்லை மாத்தலாமோ?" என்று உரத்த குரலிற் கேட்டான். பேரப்பிள்ளையை அழைத்துச் செல்ல வந்து, பின்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் திடுக்கிட்டுத் தலையை உயர்த்தினார். வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த எமக்கெல்லாம் 'ஷெல்' என்னும் சொல்லின் பொருள் ஒன்றே. அது வானிலிருந்து வீழ்வது. அதன் ஒலி கேட்டதும் பதுங்குகுழியை நோக்கி ஓடினோம். மாணவனோ இந்த நாட்டிற் பிறந்தவன். அவன் அறிந்த ஷெல் கணினித் திரையில் இருப்பது. அம்மையாருக்கு அருகிற் சென்று, "அம்மா, இது வேறை ஷெல், கொட்டையின்ரை ஓடு மாதிரி" என்று கூறியபின்பே அவர் முகம் தெளிந்தது.

அன்றே எமது வகுப்பில் 'ஓடு' என்னும் தமிழ்ச் சொல்லினை வழங்குவது எனத் தீர்மானித்தோம். கச்சான் கோதினை நினைத்துக் 'கோது' என்று சொல்லலாமே என ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்விதான். ஆயினும் கோது என்பது பயனற்றுக் கழிக்கப்படுவதையும் குறிக்கும். கணினியின் ஓடு அத்தகையதன்று. அதனை விட்டுவிட்டுப் பருப்பினைத் தொடவே இயலாது. இன்னொன்று: 'ஓட்டை மாற்றுதல்' என்று எழுதினால் பொத்தலை மாற்றுவதாகவும் பொருள்படும். ஆதலால் 'ஓட்டினை' என்றே எழுதுகிறோம்.

ஓடு என்பது யாது?

லினக்ஸ் இயங்குதளத்தின் நடுவில் உட்கரு ஒன்று உண்டு. நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை முதலிய யாவற்றையும் ஆள்வது அதுவே. மனிதர் அவ்வுட்கருவோடு நேரே பேச இயலாது. நாம் தட்டச்சிடும் ஒரு வரியினை வாங்கி, அதனைச் சொற்களாகப் பிரித்து, எந்த நிரலினை இயக்க வேண்டும் என்று தேர்ந்து, உட்கருவிடம் கேட்டு இயக்குவித்து, விடையினை எமக்குத் திருப்பித் தருவதற்கு ஓர் இடையாள் வேண்டும். உட்கருவைச் சூழ்ந்து நிற்கும் அவ்விடையாளே ஓடு.

இங்கு ஒரு மயக்கத்தினை நீக்குதல் நன்று. கறுப்புச் சாளரம் ஒன்று திறக்க, அதில் எழுத்துகள் தோன்றுகின்றனவே, அச்சாளரத்தின் பெயர் முனையம். முனையம் என்பது கரும்பலகை போன்றது. ஓடு அதன் முன் நின்று பாடம் நடத்தும் ஆசிரியர் போன்றது. பலகை மாறாமலே ஆசிரியர் மாறலாம். நாம் இங்கு மாற்ற விழைவது ஆசிரியரை.

வரலாறு

1960களின் நடுப்பகுதியில், மல்ரிக்ஸ் என்னும் பெருங்கணினித் திட்டத்தோடு தொடர்புற்றிருந்த பிரெஞ்சு நாட்டவரான லூயி பூசான் என்பாரே இப்பொருளில் 'ஷெல்' என்னும் பெயரினை முதலில் இட்டார். பின்னர் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோரின் முயற்சியால் யுனிக்ஸ் தோன்றியது. தொம்சன் எழுதிய எளிய ஓடு 1971இல் யுனிக்ஸின் முதற் பதிப்போடு வெளிவந்தது. அதே ஆய்வகத்தில் ஸ்ரீபன் போர்ன் எழுதிய ஓடு 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்து, பின்வந்த பலவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் பில் ஜோய், சி மொழியின் சாயலிற் பிறிதோர் ஓட்டினைச் செய்தார்.

கட்டற்ற மென்பொருளுக்காக ரிச்சட் ஸ்ரோல்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்துக்கென, 1989இல் பிரையன் பொக்ஸ் எழுதியதே 'பாஷ்' என்னும் ஓடு. போர்னின் பெயரோடு, மறுபடி பிறந்தது என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரினையும் இணைத்துச் சிலேடையாக அப்பெயர் அமைந்தது. 1991இல், எமது அயல்நாடான பின்லாந்தில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் உட்கருவினை வெளியிட்டார். அதற்குப் பாஷ் பொருத்தமான ஓடாக அமைந்தது. இன்றும் பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில், எவரும் எதனையும் மாற்றாதவிடத்து, எமக்குக் கிடைப்பது பாஷ் ஓடே. இவ்வாறு கேளாமலே கிடைப்பதனை 'இயல்பிருப்பு' என்பர்.

1990இல் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழக மாணவரான போல் ஃபால்ஸ்ராட் இன்னோர் ஓட்டினை எழுதினார். அங்கு கற்பித்தல் உதவியாளராயிருந்த சொங் ஷாவ் என்பவரின் கணினிப் புகுபெயர் ஸெட், எஸ், எச் ஆகிய மூன்று எழுத்துகளாலானது. ஓட்டுக்கு ஏற்ற பெயராகத் தோன்றவே, அதனையே சூட்டினார். அதனை ஸெட்-ஷெல் என்போம். அப்பிள் நிறுவனம் 2019இல் வெளியிட்ட கற்றலீனா என்னும் மக் இயங்குதளப் பதிப்பிலிருந்து பாஷினை விடுத்து ஸெட்-ஷெல்லினை இயல்பிருப்பாக்கியது. 2005இல் அக்செல் லில்யென்கிரான்ட்ஸ் என்பார் 'ஃபிஷ்' என்னும் ஓட்டினை வெளியிட்டார்.

மாற்றுவதனால் என்ன பயன்?

மாணவர்கள் இதனை ஓர் அலங்காரமாகக் கருதுவதுண்டு. உண்மையிற் பயன் உண்டு. ஃபிஷ் ஓட்டில் ஒரு கட்டளையின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டியதும், முன்னர் நாம் இட்ட அதே கட்டளை மங்கிய எழுத்தில் எதிரே தோன்றும். வலப்புற அம்புக்குறி விசையினை அழுத்தினால் முழுவதும் நிரம்பும். இல்லாத கட்டளையினை எழுதும்போதே அதன் நிறம் மாறிப் பிழையினைக் காட்டும். ஸெட்-ஷெல்லோ, கோப்புப் பெயர்களையும் கட்டளைத் தெரிவுகளையும் நிரப்பித் தருவதில் வல்லது. எழுத்துப் பிழையைத் திருத்தட்டுமா என்று கேட்குமாறும் அதனை அமைக்கலாம்.

பாஷின் சிறப்பு வேறு. அது ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் உண்டு. நூல்களில் வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அதற்கே எழுதப்பட்டவை. ஃபிஷ் ஓட்டின் இலக்கணம் சில இடங்களில் வேறுபடுவது. மாறி ஒன்றுக்கு மதிப்பிடப் பாஷில் சமக்குறியினை இடுவோம். ஃபிஷில் 'செற்' என்னும் கட்டளையால் இடுதல் வேண்டும். ஆதலால் நூலிலிருந்து படியெடுத்த வரி ஒன்று ஃபிஷில் இயங்காதுவிடின் அதிசயிக்க வேண்டியதில்லை. இதுவா அதுவா சிறந்தது என்று வாதாடுவதிலும், தன் வேலைக்கு எது உதவும் என்று ஆராய்வதே மாணவர்க்கு அழகு.

இடாப்பும் அதன் ஏழாம் நிரலும்

இனிச் செய்முறைக்கு வருவோம். கட்டளைகளைக் கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலேயே தட்டச்சிடல் வேண்டும். இம்மலரின் பக்கங்களில் எழுத்துகளின் பெயரினைத் தமிழில் தருகிறோம்.

நாம் ஊரிற் பாடசாலை ஆசிரியராயிருந்தபோது, ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் இடாப்பு இருந்தது. பெயர், சுட்டெண், முகவரி எனப் பிள்ளையின் விபரம் ஒரே வரியில் நிரல் நிரலாக நிற்கும். லினக்ஸிலும் அத்தகைய இடாப்பு ஒன்று உண்டு. ஈ-டி-சி என்னும் அடைவினுள், 'பாஸ்' என்பதற்குரிய நான்கு எழுத்துகளோடு டபிள்யூ, டி என்னும் இரண்டினையும் சேர்த்தெழுதும் பெயருடைய கோப்பே அது. ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வரி. முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஏழு நிரல்கள். பயனர் பெயர், கடவுச்சொல்லின் இடம், பயனர் எண், குழு எண், முழுப்பெயர் முதலிய குறிப்பு, வீட்டு அடைவு ஆகியன முதல் ஆறு. ஏழாவது நிரலிலே அப்பயனருக்குரிய ஓட்டின் முழுப்பாதை எழுதப்பட்டிருக்கும். முன்னாளிற் கடவுச்சொல்லின் மறைவடிவம் இரண்டாம் நிரலிலேயே இருந்தது. இந்நாளில் அது வேறொரு காவற்கோப்பில் இருக்க, இவ்விடத்தில் எக்ஸ் என்னும் எழுத்து மட்டும் நிற்கும்.

இயல்பிருப்பு ஓட்டினை மாற்றுதல் என்று நாம் கூறுவதெல்லாம் இந்த ஏழாம் நிரலைத் திருத்துவதே. வேறு மந்திரம் ஒன்றுமில்லை. ஆயினும் அக்கோப்பினைக் கையாலே திருத்துதல் கூடாது. ஒரு புள்ளி தவறினாலும் எவரும் உட்புக முடியாத நிலை உண்டாகலாம். அதற்கெனவே தனிக் கட்டளை உண்டு.

மூன்று படிகள்

முதற்படி, சுவைத்துப் பார்த்தல். நிருவாகியின் உரிமையோடு ஸெட்-ஷெல்லினையோ ஃபிஷினையோ பொதிக் களஞ்சியத்திலிருந்து நிறுவிக்கொள்க. பின் முனையத்தைத் திறந்து அந்த ஓட்டின் பெயரை மட்டும் தட்டி உள்ளிடுக. புதிய ஓடு பழைய ஓட்டின்மேல் இயங்கத் தொடங்கும். ஸெட்-ஷெல் முதன்முறை இயங்கும்போது சில கேள்விகள் கேட்கும், அஞ்ச வேண்டியதில்லை. வெளியேற 'எக்ஸிற்' எனத் தட்டினாற் போதும். பாஷ் மீண்டும் வரும். இதனால் இடாப்பில் எம்மாற்றமும் நிகழ்வதில்லை.

இரண்டாம் படி, முனையத்துக்கு மட்டும் மாற்றுதல். குபுண்டுவில் உள்ள கொன்சோல் முனையத்தின் அமைப்புகளில், எக்கட்டளையோடு சாளரம் தொடங்க வேண்டும் என்று எழுதுவதற்கு ஓர் இடம் உண்டு. அங்கு புதிய ஓட்டின் பாதையினை எழுதலாம். சாளரத்தைத் திறந்தால் புதிய ஓடு. கணினியினுள் புகும்போது பழைய ஓடு. பெரும்பாலானோருக்கு இதுவே போதுமானது, ஆபத்தும் குறைந்தது.

மூன்றாம் படி, இடாப்பினையே மாற்றுதல். முதலில், அனுமதிக்கப்பட்ட ஓடுகள் எவை என்று பார்த்தல் வேண்டும். ஈ-டி-சி அடைவினுள் 'ஷெல்ஸ்' என்னும் பெயரில் ஒரு கோப்பு உண்டு. அதில் வரிக்கு ஒன்றாக ஓடுகளின் முழுப்பாதைகள் இருக்கும். அப்பட்டியலில் இல்லாத ஓட்டினைச் சாதாரண பயனர் தனக்கென இட்டுக்கொள்ள முடியாது. பொதிக் களஞ்சியத்தின் வழியே நிறுவினால் இப்பட்டியலிற் பெயர் தானாகவே சேரும்.

பின்னர் சி, எச், எஸ், எச் என்னும் நான்கு எழுத்துக் கட்டளையினை இடுக. ஓட்டினை மாற்றுக என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ஓர் இடைவெளி விட்டு, சிறுகோட்டோடு எஸ் என்னும் எழுத்து; மீண்டும் இடைவெளி விட்டு, பட்டியலிற் கண்டவாறே முழுப்பாதை. கணினி கடவுச்சொல்லைக் கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றும் தோன்றாது. முடிந்ததும் பெரும்பாலும் ஒரு செய்தியும் வராது. யுனிக்ஸ் மரபில் மௌனமே வெற்றியின் அடையாளம். ஃபெடோரா போன்ற சில பதிப்புகளில் இக்கட்டளை தொடக்கத்தில் இராது. அதற்குரிய பொதியினைத் தனியே நிறுவுதல் வேண்டும். பெரிய நிறுவனங்களில் பயனர் இடாப்பு வலையமைப்பின் வேறோரிடத்தில் இருப்பதுண்டு. அங்கு இக்கட்டளை பயன்தராது, நிருவாகியையே கேட்டல் வேண்டும்.

மாற்றினோம், ஆனால் மாறவில்லையே!

எமது மாணவர்கள் அடிக்கடி முறையிடுவது இதுவே. காரணம் எளிது. இடாப்பு, ஒருவர் கணினியினுள் புகும் வேளையில் வாசிக்கப்படுகிறது. ஏற்கனவே உள்ளே இருப்பவருக்குப் பழைய நிலையே தொடரும். முனையச் சாளரத்தை மூடித் திறப்பது மட்டும் போதாதிருக்கலாம். கணினியிலிருந்து முற்றாக வெளியேறி மீண்டும் புகுதல் வேண்டும்.

எந்த ஓட்டில் இருக்கிறோம் என்று அறியும் முறையிலும் ஒரு மயக்கம் உண்டு. 'எக்கோ' என்னும் கட்டளையின்பின் டொலர் குறியும், அதனை ஒட்டிப் பேரெழுத்துகளில் 'ஷெல்' என்பதும் இடுமாறு பலர் கூறுவர். அது காட்டுவது, நாம் புகுந்தபோது எமக்கு உரியதாயிருந்த ஓட்டினை. இப்போது எதிரே இயங்கும் ஓடு வேறாயிருக்கலாம். பி, எஸ் என்னும் இரண்டெழுத்துக் கட்டளையினை இட்டால், அம்முனையத்தில் இயங்கும் நிரல்களின் பட்டியல் வரும். அதில் இயங்கும் ஓட்டின் பெயரையும் காணலாம்.

பழைய ஓட்டில் நாம் செய்துவைத்த குறுக்குப் பெயர்களும் அமைப்புகளும் புதிய ஓட்டுக்குத் தாமாக வரமாட்டா. பாஷுக்கும் ஸெட்-ஷெல்லுக்கும் ஃபிஷுக்கும் தனித்தனி அமைப்புக் கோப்புகள் உண்டு. வேண்டியவற்றை நாமே எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

ஆனால், கோப்பாக எழுதிவைத்த கட்டளைத் தொடர்கள் கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அத்தகைய கோப்பின் முதல் வரியில், எண் குறியும் வியப்புக் குறியும் இட்டு, அதனை எந்த ஓடு வாசிக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கும். நாம் எந்த ஓட்டில் இருந்தாலும், அக்கோப்பு தான் கேட்ட ஓட்டிலேயே இயங்கும். உபுண்டு 2006ஆம் ஆண்டில், கணினியின் உள்வேலைகளுக்கான 'எஸ்-எச்' என்னும் பொது ஓட்டினைப் பாஷிலிருந்து 'டாஷ்' என்னும் இலேசான ஓட்டுக்கு மாற்றியது. பயனர்கள் முனையத்தில் தொடர்ந்து பாஷினையே கண்டனர். உள்வேலைக்குரிய ஓடு வேறு, மனிதரோடு உரையாடும் ஓடு வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

எமது மாணவர்கள் தம் கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடுகின்றனர். ஒருங்குறியில் அமைந்த அப்பெயர்களை மூன்று ஓடுகளும் ஏற்கும். முதலெழுத்தினைத் தட்டித் தத்தல் விசையினை அழுத்தினால் எஞ்சிய பெயரும் நிரம்பும். எனினும் பல முனையங்களில் கொம்பும் காலும் இடம்பெயர்ந்து, எழுத்துகள் நெருங்கியோ விலகியோ தோன்றும். எழுத்துக்கு ஒரு கட்டம் என ஆங்கிலத்துக்கு வகுத்த அமைப்பில், மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து ஒன்றாகும் எமது எழுத்து எளிதில் அடங்காமையே காரணம். அது பலகையின் குறை, ஓட்டின் குறையன்று. ஓட்டினை மாற்றுவதால் அது தீராது.

எமக்கு நிகழ்ந்த விபத்து

மேற்கூறிய மாணவன் ஆர்வமிக்கவன். ஸெட்-ஷெல்லினை நிறுவி, முதலிரு படிகளையும் பாராது, மூன்றாம் படியினையே செய்து முடித்தான். சில வாரங்கள் நன்றாகவே நடந்தது. பின் ஒருநாள், வட்டில் இடம் போதவில்லை என்று கண்டு, தேவையற்றவை எனத் தனக்குத் தோன்றிய பொதிகளை நீக்கினான். அவற்றுள் ஸெட்-ஷெல்லும் ஒன்று. பொதியினை நீக்கும்போது இடாப்பின் ஏழாம் நிரல் தானாகத் திருந்துவதில்லை என்பதனை அவன் அறியான். ஓடு போயிற்று, அந்த ஓட்டின் பெயர் மட்டும் இடாப்பில் நின்றது.

கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கியபோது, கடவுச்சொல்லைக் கொடுத்தால் ஒரு கணம் திரை கறுத்து மீண்டும் புகுதிரையே வந்தது. எழுத்துத் திரைக்கு மாறிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தபோதும் மீண்டும் பெயரையே கேட்டது. அக்கணினியில் இருந்ததோ ஒரேயொரு பயனர் கணக்கு.

அக்கணக்கினுள்ளேதான் இவ்விழா மலருக்காகப் பிள்ளைகள் எழுதிய முப்பத்திரண்டு ஆக்கங்களும் இருந்தன. அச்சகத்துக்குக் கொடுக்க இரண்டு நாள்களே எஞ்சியிருந்தன. கையெழுத்துப் பிரதிகளைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வேறெங்கும் படியெடுத்து வைக்கவில்லை. அது அம்மாணவனின் தவறன்று. பொறுப்பாசிரியராகிய எமது தவறு. அவன் சுவரோரமாக நின்று அழுதான். "சேர், சின்னப்பிள்ளையளின்ரை எல்லாம் போட்டுது" என்று அவன் கூறியபோது எமக்கும் நெஞ்சு பதைத்தது. தம் பிள்ளை முதன்முதலாகத் தமிழில் எழுதிய நான்கு வரிகளை அச்சிற் காணக் காத்திருந்த பெற்றோருக்கு என்ன விடை கூறுவது? எழுதியவற்றையும் சேர்த்துவைத்தவற்றையும் விட்டு ஓடிவந்தவர்கள் நாம். இன்னொருமுறை அவ்வாறு சொல்ல மனம் ஒப்பவில்லை.

பின் ஆறியிருந்து சிந்தித்தோம். வாசற்கதவு அடைபட்டது, வீடு எரியவில்லை. கோப்புகள் வட்டிற் பத்திரமாகவே இருத்தல் வேண்டும். ரூட் எனப்படும் தலைமைப் பயனருக்கும் இடாப்பில் ஒரு வரி உண்டு. அதனை எவரும் தொடவில்லை. அதன் ஓடு பாஷ்.

கணினி தொடங்கும்போது தோன்றும் பட்டியலை வரவழைத்து, மேலதிகத் தெரிவுகளில் மீட்பு நிலையினைத் தெரிவுசெய்தோம். அங்கிருந்து தலைமைப் பயனரின் கட்டளை வரிக்குள் புகுந்தோம். ஓடு மாற்றும் கட்டளையினை இட்டு, பாஷின் பாதையினையும் இறுதியில் அக்கணக்கின் பெயரினையும் எழுதினோம். இடாப்பினைப் பூட்ட முடியவில்லை, பின்னர் முயல்க என்று விடை வந்தது! மாணவனின் முகம் மேலும் வாடியது. மீட்பு நிலையில் வட்டு வாசிப்பதற்கு மட்டுமே திறந்திருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 'மவுண்ட்' என்னும் கட்டளையால் வட்டினை எழுதவும் கூடியதாக மீளத் திறந்து, முன்னைய கட்டளையினை மறுபடி இட்டோம். இம்முறை மௌனம். அந்த மௌனத்தைப்போல் இனியதொன்றை நாம் அண்மையிற் கேட்டதில்லை. கணினியினை மீள இயக்கினோம், கதவு திறந்தது. முப்பத்திரண்டும் இருந்தன.

நினைவிற் கொள்ள வேண்டியவை

இவ்விபத்திலிருந்து நாம் கற்றவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

1. ஓட்டினை மாற்றுமுன் அதன் பெயரைத் தட்டிச் சிலநாள் பழகிப் பார்க்க. ஒத்துவந்தால் மட்டும் இடாப்பினைத் தொடுக.

2. பாதையினை நினைவிலிருந்து எழுதற்க. அனுமதிப் பட்டியலிற் பார்த்து எழுதுக. நிருவாகி உரிமையோடு இடும்போது தவறான பாதையினையும் கணினி ஏற்றுக்கொள்ளக்கூடும்.

3. மாற்றியபின், திறந்திருக்கும் முனையம் ஒன்றினை மூடாது வைத்துக்கொண்டு, எழுத்துத் திரை ஒன்றிற் புகுந்து பார்க்க. தவறெனின், திறந்திருக்கும் முனையத்திலிருந்தே திருத்தலாம்.

4. தலைமைப் பயனரின் ஓட்டினை ஒருபோதும் மாற்றற்க. எல்லாக் கதவுகளும் அடைபடும்போது திறந்திருக்கும் கதவு அதுவே.

5. நிருவாகி உரிமையுள்ள இரண்டாவது கணக்கு ஒன்றினை வைத்திருக்க. ஒன்று அடைபட்டால் மற்றது உதவும்.

6. ஓர் ஓட்டினை நீக்குமுன், அதனை எவரேனும் பயன்படுத்துகின்றனரா என்று இடாப்பின் ஏழாம் நிரலைப் பார்க்க. முதலில் இடாப்பினைத் திருத்துக. பின்னர் பொதியினை நீக்குக.

7. யாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளின் எழுத்துகளை இரண்டு இடங்களிற் படியெடுத்து வைக்க.

முடிவாக

இயல்பிருப்பு என்பது எமக்காக வேறொருவர் முன்னரே செய்துவைத்த தெரிவு. அதனை அப்படியே வைத்திருப்பதும் குற்றமன்று, மாற்றுவதும் குற்றமன்று. அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது, எவ்வாறு மாறும், மாறினால் எவ்வாறு திரும்பி வரலாம் என்று அறியாதிருப்பதே குறை. எமது பிள்ளைகள் வீட்டுக்கு வெளியே கால்வைத்ததும் நோர்வேஜிய மொழியே இயல்பிருப்பாகக் கிடைக்கின்றது. சனிக்கிழமை காலைகளில், உறக்கத்தையும் பனியையும் பொருட்படுத்தாது அவர்கள் தமிழ் வகுப்புக்கு வருவது, தெரிவு செய்யும் திறனைக் கற்பதற்கே என்று நாம் எண்ணுகிறோம்.

அம்மாணவன் இப்போது எமது கணினி மூலைக்குப் பொறுப்பாளனாக உள்ளான். சனிக்கிழமைதோறும் வகுப்பு முடிந்ததும், பிள்ளைகளின் கோப்புகளை இரண்டு நினைவுக்கோல்களிற் படியெடுத்து, ஒன்றினைப் பாடசாலை அலுமாரியில் வைத்து, மற்றதனை எம்மிடம் தருகின்றான். தன் கணக்கில் மீண்டும் ஸெட்-ஷெல்லினை இட்டுக்கொள்ளலாமா என்று அண்மையிற் கேட்டான். "இடு தம்பி, ஆனால் முதல் ஒரு கிழமை சுவைத்துப் பார்" என்றோம். இம்மலரின் பிற பக்கங்களில் நீங்கள் வாசிக்கும் சிறுவர் ஆக்கங்கள் யாவும் அந்த ஏழாம் நிரலின் வழியே மீண்டு வந்தவை.